சும்மா ஓடுகிறவன்

எங்கள் ஊரில் வயதுவந்த ஆம்பளை ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். எங்காவது கரை உடைத்திருக்க வேண்டும், அல்லது யாரையாவது பாம்பு தீண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சாவு. மற்றபடி நாற்பதைத் தாண்டியவன் நடப்பான், வண்டியில் போவான். ஓட மாட்டான். நான் ஓடினேன். ஆறேழு வருடமாக, வெண்ணாற்றங்கரையில், விடியற்காலையில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. என்னை யாரும் துரத்தவும் இல்லை.

எனக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். குத்தகை நிலத்தில் நெல் போடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்கு வாய் வராது. டீக்கடையில்கூட ஒரு விரலைக் காட்டிவிட்டு ஓரமாக நிற்பேன், கடைக்காரருக்கு அது போதும். கூச்சம் என்பார்கள். பிறவியிலேயே வந்தது, அதை என்ன செய்வது. ஆனால் பின்னால் சொல்லப் போகிற முழங்கால் விஷயம் இவ்வளவு நாள் இழுத்ததற்கு அந்தக் கூச்சம்தான் காரணம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டம் ஆரம்பித்தது தண்ணீரால். மேட்டூரில் அணையைத் திறந்து, கல்லணையில் பிரிந்து, எங்கள் ஆற்றுக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். கோடை முழுக்க ஆறு வெறும் மணலாகக் கிடக்கும், மாடு குறுக்கே நடந்து போகும். முதல் தண்ணீர் வருகிற அன்று ஊரில் பாதிப்பேர் படித்துறையில் நிற்பார்கள். அது வெள்ளமாகப் பாய்ந்து வராது. மணலை நக்கிக்கொண்டு, நுரையும் சருகும் பிளாஸ்டிக் டம்ளரும் தள்ளிக்கொண்டு, ஒரு முகம் மட்டும் முன்னால் வரும். பள்ளத்தைக் கண்டால் நின்று நிரப்பிவிட்டுத்தான் மேலே நகரும்.

அந்த வருடம் கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் நான் மேற்கே, ஆற்றுக்குக் குறுக்கே கதவு போட்டிருக்கிற சட்ரஸ் பக்கம் போய்விட்டேன். தண்ணீர் வந்தது. கரைமேல் அதோடு கூடவே நடந்தேன். அது என் நடையைவிடக் கொஞ்சம் வேகம். விட மனசில்லாமல் எட்டிப்போட்டேன், பிறகு ஓடினேன். அது பள்ளத்தில் நிற்கும்போது நானும் நின்றேன். அது கிளம்பியதும் கிளம்பினேன். எங்கள் ஊர்ப் படித்துறைக்குக் கொஞ்சம் முன்னால் கரையை விட்டு இறங்கி வயல்வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன், யாரும் பார்க்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மனசுக்குள் ஒரு சத்தமும் இல்லை. நானாக ஓடியது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் ஓடியதெல்லாம் ஆட்டுக்குப் பின்னால், பஸ்ஸுக்குப் பின்னால், மழைக்கு முன்னால் நெல்லை அள்ள. ஓடுகிறவனை யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள். என்னைப் போன்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுநாளும் போனேன். அப்படியே பழகிவிட்டது.

ஊர் கண்ணில் படாமல் எத்தனை நாள் ஓட முடியும். யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு யோசனை செய்தேன். தோளில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு ஓடினால், மடை திறக்கப் போகிறான் என்று விட்டுவிடுவார்கள் அல்லவா? அந்த அறிவு எனக்குக் கார்த்திகை மாதத்தில், ஆறு இருகரையும் தொட்டு ஓடும்போது வந்தது. தூறலில் மண்வெட்டியோடு கரைமேல் ஓடினேன். எதிரே பால் கறக்கப் போன ஒருத்தர் என்னைப் பார்த்தார், கேனைக் கீழே வைத்தார், ஊரைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

"உடைப்பு! கரை உடைச்சிக்கிச்சு!"

நான் திரும்பி வருவதற்குள் தெரு முழுக்கக் கரையில் நிற்கிறது. ஆம்பளைகள் சாக்கும் மண்வெட்டியுமாக, பெண்கள் மண் சுமக்கும் தட்டோடு, யாரோ ஆற்றுக் காவலுக்கு இருக்கிற லஸ்கருக்குப் போன் போட்டு, அவரும் வந்துவிட்டார்.

"எங்கய்யா உடைப்பு? சொல்லுய்யா, வாயத் தொறந்து!"

சும்மா ஓடினேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவ்வளவு பேரை மழையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அதை எப்படிச் சொல்வது? கையைக் காட்டினேன். கரையின் வெளிச்சரிவில் ஒரு எலிவளை, அதில் லேசாக ஈரம் கசிந்தது. எந்த மழைக்கும் கசிகிற ஈரம்தான். அவ்வளவுதான், ஊர் கூடி அந்த வளையில் மண்மூட்டையை அடுக்கி மிதித்துவிட்டுப் போனது. லஸ்கர் என் தோளைத் தட்டி, "நல்லவேளை பார்த்தீங்க" என்றார். அந்த மூட்டைகள் இன்னும் அங்கேதான் மக்கிக் கிடக்கின்றன.

அதற்குப் பிறகு மண்வெட்டியை எடுக்கவில்லை. எடுக்காமல் ஓடியதும் வேறு விதமான கேள்வி வந்தது. என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று என் மனைவியிடம் கேட்டார்கள், குடிதண்ணீர்க் குழாயடியில்.

"உங்க வீட்டுக்காரருக்கு சுகரா?"

"இல்லையே."

"பிரஷரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப எதுக்கு ஓடுறாரு?"

அவளும் சில நாள் சமாளித்துப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள், ஆமாம், சுகர்தான், டாக்டர் ஓடச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். அன்றோடு கேள்வி நின்றது. ஊரே என் ஓட்டத்துக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தது. "மெதுவா ஓடுங்க, கால்ல அடிபட்டுடாம, சுகர்க்காரங்களுக்குப் புண்ணு ஆறாது" என்று புத்தி சொன்னார்கள். டீக்கடைக்காரர் சர்க்கரை போடாமல் டீ கொடுத்தார். விசேஷ வீட்டில் என் இலைக்கு வரும்போது பாயச வாளி தாண்டிப் போகும். எனக்குப் பாயசம் என்றால் உயிர். ஓடுவதற்கு நான் கொடுத்த வரி என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

முழங்கால் போனதும் ஒரு வளையால்தான். போன வருடம் மழை விட்ட ஒரு காலையில் இடது கால் நண்டு வளைக்குள் இறங்கிவிட்டது. கால் உள்ளே நின்றது, உடம்பு திரும்பிவிட்டது. களுக்கென்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. வீங்கியது, எண்ணெய் தேய்த்தேன், வடிந்தது. நடக்க முடிந்தது, வரப்பு வெட்ட முடிந்தது, உரமூட்டையைத் தூக்க முடிந்தது. ஓடினால் மட்டும் உள்ளே எதுவோ மாட்டும். சில சமயம் மடக்கிய கால் மடக்கியபடியே பூட்டிக்கொள்ளும். கையால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் விடும்.

தஞ்சாவூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன், தனியாக. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை விளக்கில் மாட்டி, "முட்டிக்குள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"விவசாயம்."

"வேலை செய்ய முடியுதா?"

"முடியுதுங்க."

"அப்ப என்ன சிரமம்?"

பக்கத்தில் ஒரு நர்ஸ், வாசலில் அடுத்த நோயாளி கைத்தாங்கலாக நிற்கிறார், அந்தம்மாவுக்கு நடக்கவே முடியவில்லை. அவர்கள் முன்னால் ஓட முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"உக்காந்து எந்திரிக்க சிரமமா இருக்குங்க."

டாக்டர் அதற்கு ஏற்ற பதிலைச் சொன்னார். தரையில் உட்காராதீர்கள், நாற்காலியில் உட்காருங்கள், குந்தாதீர்கள், வலித்தால் மாத்திரை. ஆபரேஷன் இப்போது தேவையில்லை. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கேட்ட கேள்விக்குச் சரியான மருந்து வாங்கி வந்தேன், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

ஓடாமல் இருந்த அந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விடியும்போது முழிப்பு வந்துவிடும். எழுந்து வாசலில் நிற்பேன், பிறகு மாட்டுக்கு வைக்கோலை உதறுவேன். வேலையெல்லாம் நடந்தது. என் மனைவி ஒருநாள், "என்னங்க, யாருமேலயாவது கோவமா?" என்று கேட்டாள். யார்மேலும் இல்லை என்றேன். அது உண்மையில்லை. அந்த நண்டுமேல் இருந்தது.

தை மாதம் என் மச்சானுக்கு, என் மனைவியின் அண்ணனுக்கு, அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் ஏற்பாடு. சொந்தபந்தம் எல்லாம் வேன் பிடித்துப் போனோம். அன்றைக்கு அங்கே எங்களைப் போலப் பல ஜோடிகள், பல மாலைகள், ஒரு ஹோமத்துப் புகை இன்னொரு ஹோமத்துக்காரர் கண்ணில். என் மச்சான் நல்ல மனுஷர், ஆனால் குரல் பெரிசு. மணமேடையில் உட்கார்ந்துகொண்டே பந்தலில் யார் வந்தார்கள், வரவில்லை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து வயதில் சின்னவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். எழுந்திருக்க முழங்காலை மடக்கினேன். பூட்டிக்கொண்டது.

"நல்லா இருங்க மாப்ளே, எந்திரிங்க" என்றார் மச்சான். அட்சதை தலையில் விழுந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

"போதும் மாப்ளே, எந்திரிங்க." இன்னும் கொஞ்சம் அட்சதை.

நெற்றி தரையில் இருக்கிறது. கையைக் கீழே கொண்டுபோய் முட்டியை ஆட்டப் பார்க்கிறேன், எட்டவில்லை. பின்னால் யாரோ, "அவருக்கு மச்சான்மேல எவ்வளவு பாசம் பாரேன்" என்று சொல்வது கேட்கிறது. இன்னொரு அம்மா மூக்கை உறிஞ்சுகிறாள். மச்சானுக்கே குரல் தழுதழுத்துவிட்டது. "அட, என்ன மாப்ளே நீங்க, சின்னப்புள்ள மாதிரி" என்று குனிந்து என்னைத் தூக்கினார். கால் நேராகாமல் நான் அவர்மேலேயே சாய, மாலை அறுந்து, அறுபதாம் கல்யாண மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து மணையில் உட்கார்ந்தோம்.

பிறகு ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்துச் சுற்றி நின்றார்கள். முட்டி ஒருவழியாக விட்டது. விஷயம் வெளியே வந்தது. ஜவ்வு கிழிந்தது, ஓடும்போது கிழிந்தது, எல்லாம்.

"அப்பவே நெனச்சேன்" என்றார் மச்சான். "ஐம்பது வயசுல என்ன மாப்ளே ஓட்டம்? ஒலிம்பிக்ஸுக்கா போகப் போறீங்க? சுகருக்கு நடந்தா பத்தாதா?"

"நடந்தாலே போதுங்கறாங்க" என்றது ஒரு குரல்.

"வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கச் சொல்லு."

"ஆபரேஷன் கீபரேஷன்னு போயிடாதீங்க. எங்க தெருவுல ஒருத்தர் போனாரு, இப்ப காலு கம்பு மாதிரி நிக்குது."

"இனிமே ஓடமாட்டேன்னு சாமி முன்னால சொல்லுங்க மாப்ளே. தங்கச்சி, நீ சொல்லு அவருகிட்ட."

என் மனைவி தரையைப் பார்த்தாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலை சரியென்று ஆடியதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பேச்சு முடிந்தது என்று பந்திக்குக் கூட்டிப்போனார்கள். மேசை போட்ட பந்திதான், கால் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். சாம்பார், ரசம் எல்லாம் வந்தது. பாயச வாளியோடு மச்சானின் மகன் வந்தான், கல்யாணமான பிள்ளை, மரியாதை தெரிந்தவன். என் இலையில் ஊற்றக் கரண்டியை எடுத்தவன், எடுத்த கரண்டியை வாளிக்குள்ளேயே விட்டான்.

"மாமாவுக்கு சுகர்ல்ல, மறந்துட்டேன்" என்று அடுத்த இலைக்குப் போனான்.

என்ன ஆனதென்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ வாளி தாண்டிப் போயிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தவரை பொறுத்துக்கொண்டேன். இப்போது ஓட்டமும் இல்லை, பாயசமும் இல்லை என்றால் எப்படி?

"தம்பி, இங்க வா."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எதிர்வரிசையும் நிமிர்ந்தது.

"எனக்கு சுகர் கெடையாது. எப்பவும் இருந்ததில்ல. நான் சும்மா ஓடுறேன். புடிச்சிருக்கு, ஓடுறேன். பாயசம் ஊத்து."

அவன் தன் அப்பாவைப் பார்த்தான், என் மனைவியைப் பார்த்தான், பிறகு ஊற்றினான். இலையில் இருந்த பாயசத்தை வழித்துச் சாப்பிட்டேன். "இன்னொரு கரண்டி" என்றேன்.

திரும்பி வரும் வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குத்தாலம் தாண்டி, அறுப்புக்கு நின்ற வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தால், வேண்டாம் என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"ஊரு பூரா என்னைப் பொய்க்காரின்னு பேசப் போவுது. தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்காகத்தான சொன்னேன்?"

"ஆமா."

"சரி, எதுக்குத்தான் ஓடுறீங்க? எங்கிட்டயாவது சொல்லலாம்ல? இத்தனை வருஷமா நானும் கேக்கல, நீங்களும் சொல்லல."

அந்தத் தண்ணீரைச் சொன்னேன். அதோடு கூட ஓடியதை, அது நின்றபோது நின்றதை, வயல்வழியாக ஒளிந்து வந்ததை. சொல்லும்போதே, இது ஒரு காரணமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"அந்த டாக்டர்கிட்ட இதச் சொன்னீங்களா?" என்றாள். இல்லை என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள், தன் தலையில்தான்.

அறுப்பு முடிந்ததும் மறுபடி தஞ்சாவூர் போனோம், அவளும் கூட வந்தாள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார், என்ன சிரமம் என்று. நான் வாயைத் திறந்தேன், வழக்கம்போல உட்காருவது எழுவது என்று நாக்கு போயிற்று. அவள் என் கையைக் கிள்ளினாள்.

"ஓடணுங்க" என்றேன். "வேலையெல்லாம் செய்ய முடியுது. ஓட முடியல. அதான் சிரமம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே? எங்க ஓடுவீங்க?"

"ஆத்தங்கரையில."

"என்ன ஷூ?"

"வெறுங்காலுங்க."

அவர் சிரித்தார், கேலியாக இல்லை. "இங்க வர்றவங்க எல்லாம் எப்படியாவது நடந்தாப் போதும்பாங்க" என்றார். பிறகு ஒளிக்காமல் பேசினார். ஒரு தாளில் முட்டியை வரைந்து காட்டினார். கிழிந்த துண்டு மடிந்து உள்ளே மாட்டுவதால்தான் பூட்டிக்கொள்கிறது. ஓட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்து நடந்தால் இப்படியே காலம் தள்ளலாம், எப்போதாவது பூட்டும், அவ்வளவுதான். ஓட வேண்டுமென்றால் சின்ன துளை போட்டு உள்ளே கேமரா விட்டுச் சரிசெய்ய வேண்டும். தைக்க முடிந்தால் தைப்பார், முடியாவிட்டால் கிழிந்ததை நறுக்கி எடுப்பார். தைத்தால் அதிக நாள் ஓய்வு. நறுக்கினால் சீக்கிரம் எழுந்துவிடலாம், ஆனால் பின்னால் தேய்மானம் வர வாய்ப்பு கூடுதல்.

"பழையபடி ஓடுவாரா?" என்று என் மனைவி கேட்டாள்.

"உறுதியாச் சொல்ல மாட்டேன்மா. ஓடுறவங்க இருக்காங்க. முடியாமப் போனவங்களும் இருக்காங்க. வேலைக்காகன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். ஆசைக்காகன்னா, அது அவரு ஆசை. அவருதான் சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். யோசித்தேன். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். கம்பு மாதிரி நிற்கிற காலைப் பற்றிச் சொன்னது காதிலேயே இருந்தது. நல்லாயிருக்கிற காலை, மூட்டை தூக்குகிற காலை, கொண்டுபோய் வெட்டக் கொடுத்து, அது கெட்டுப்போனால்? குத்தகைக்காரனுக்குக் கால்தானே எல்லாம். குறுவைக்கு நாற்றங்கால் யார் விடுவது? இந்தக் கேள்வியெல்லாம் நியாயமானது. கரையில் நடந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் தேடினேன், கிடைக்கவில்லை.

மச்சான் மொபெட்டில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்ளே, பந்தியில பேசுனதுக்கு எனக்குக் கோவமில்ல. ஆனா இது என்ன கூத்து? வயித்துல கட்டின்னா ஆபரேஷன் பண்ணுவான். ஓட ஆசைன்னு எவனாவது பண்ணுவானா?"

நான் காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வயக்காட்டு வேலைக்கு முடியலன்னா சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். முடியுதுங்கறீங்க. அப்புறம் காலு எதுக்கு இருக்கு? வேலை செய்யத்தான இருக்கு?"

அவர் அதை நல்லெண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் அந்த வார்த்தையில் எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. இத்தனை நாள் என்னைக் குடைந்தது இதுதான். நடவுக்கு இந்தக் கால் முடியாமல் போயிருந்தால் ஊரே கூடி என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும். மூட்டை தூக்க இதைப் பழுது பார்க்கலாம். எனக்குச் சந்தோஷம் தர இதைப் பழுது பார்க்கக் கூடாது. இந்தக் கால் எப்போதிலிருந்து நெல்லுக்கு மட்டும் சொந்தமாயிற்று? இதே மச்சானுக்குச் சீட்டாட்டம் பிடிக்கும். கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் அவர் முதலில் பார்த்தது சீட்டைத்தான். கண் எதற்கு இருக்கிறது என்று யாராவது கேட்டோமா?

இதை அப்படியே சொன்னேன், சீட்டு விஷயம் உட்பட. உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. மச்சான் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு இவ்வளவு பேச வருமா மாப்ளே?" என்றார். காபியைக் குடித்துவிட்டுப் போனார். சம்மதித்துப் போகவில்லை. "கால் போனா எங்கிட்ட வராதீங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கே போன் செய்து, ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். என் மனைவி போனைக் கையில் கொடுத்து, நீங்களே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன்.

மாசியில் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லை. பார்க்கிறீர்களா என்று கேட்டு டி.வி.யைத் திருப்பி வைத்தார்கள். என் முட்டியின் உள்ளே வெள்ளை வெளேரென்று நுங்கு மாதிரி இருந்தது. அதன் நடுவே கிழிந்த துண்டு, வாய்க்கால் பாசி போல அசைந்துகொண்டிருந்தது. இதற்காகவா இவ்வளவும் என்று இருந்தது. தைக்க முடியாத கிழிசல், அதனால் நறுக்கி எடுக்கிறேன் என்றார் டாக்டர். பின்னால் தேய்மானம் வரலாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு பிசியோதெரபி. அங்கே இருந்த அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் மாமியார். "மடக்குங்க. இன்னும் மடக்குங்க. ஓடணும்னீங்கல்ல, அப்ப மடக்குங்க." முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நீட்டித் தூக்குவது. தொடை சூம்பிப் போயிருந்தது, அதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. குழாயடியில் என் மனைவிக்கு ஏச்சு குறையவில்லை. உளுந்து பறிப்பில் எனக்குப் பதிலாக அவள்தான் நின்றாள், அதை அவள் எனக்கு மறக்கவும் விடவில்லை.

பங்குனி முடியும்போது வேகமாக நடந்தேன். வைகாசியில் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று ஆரம்பித்தேன், முறைத்துப் பார்க்கிற அந்த அம்மா சொன்ன அளவோடு. முட்டி பூட்டவில்லை. சில நாள் வீங்கியது. வீங்கிய அன்று நிறுத்திக்கொண்டேன்.

ஆனியில் மேட்டூர் திறந்தார்கள். தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது, நாளைக் காலை நம்மூருக்கு வரும் என்று லஸ்கர் சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் ஒளிந்து போகவில்லை. தெரு வழியாகவே நடந்து, சட்ரஸ்வரைக்கும் போய் நின்றேன்.

வந்தது. அதே நுரை, அதே சருகு. இந்தமுறை முன்னால் ஒரு தேங்காய் மட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. கூடவே கிளம்பினேன். கொஞ்ச தூரத்திலேயே பின்னால் மொபெட் சத்தம்.

"மாப்ளே, ஏறிக்கிங்க. தண்ணி முந்திடும்." மச்சான்.

"நீங்க போங்க மச்சான்."

"காலு வலிக்கல?"

"வலிக்குது."

"அப்புறம்?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. அவர் முந்திப் போகவும் இல்லை. படபடவென்று வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வந்தார். ஓட வேண்டிய தூரம் ஓடினேன், நடக்க வேண்டிய தூரம் நடந்தேன். நடக்கும்போது தண்ணீர் முந்தியது, ஏதாவது பள்ளத்தில் அது நிற்கும்போது பிடித்தேன். முன்பு ஓடிய வேகமில்லை. அது வராது என்றே நினைக்கிறேன்.

படித்துறையில் ஊர் நின்றது. முன்பெல்லாம் இறங்கிவிடுகிற வயல் வழி வந்தது. இறங்கவில்லை. டீக்கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"என்ன, எங்க உடைப்பு?"

ஊரே சிரித்தது.

"உடைப்பு இல்ல" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. "சும்மா ஓடுறேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி என் மனைவியிடம் கேட்டாள், "ஏன்டி, சுகர் இல்லேன்னா எதுக்குடி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஓடணும்?"

"அவருக்குப் புடிச்சிருக்கு, ஓடுறாரு" என்றாள் அவள். "உனக்கு என்ன வந்துச்சு?"

தண்ணீர் படியைத் தொட்டது. குலவை போட்டார்கள், பூவை வீசினார்கள். பிசியோதெரபி அம்மா சொன்ன அளவு அந்தப் படித்துறையோடு முடிந்துவிட்டது. அதைத் தாண்டிப் புங்கமரம் வரைக்கும் ஓடியது என் சொந்தக் கணக்கில்.